அறிவியல் வகுப்பில் காணொளி: நிறுத்தும் இடத்தில்தான் பாடம் இருக்கிறது

நான்கு நிமிடக் காணொளியை நான்கே நிமிடத்தில் ஓட்டி முடித்தால் பிள்ளைகள் ஒரு படம் பார்த்தார்கள், அவ்வளவுதான். அதையே மூன்று இடத்தில் நிறுத்தி, முதலில் ஒலியில்லாமலும் பிறகு ஒலியோடும் காட்டி, இருபது நிமிடம் எடுத்துக்கொண்டால் ஒரு பாடவேளைக்கு அது தாராளம். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை அறிவியலுக்குக் காணொளியைப் பல கல்வியாண்டுகளாகப் பயன்படுத்தியதில் மாறாமல் நிற்கும் முடிவு இது. திரை எவ்வளவு பெரியது, ஸ்மார்ட் போர்டா புரொஜெக்டரா, எந்தச் செயலி என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான். ஆனால் அவற்றில் கோளாறு வந்தாலும் பாடவேளை போய்விடும்; அதனால் அவற்றையும் விவரமாகவே எழுதுகிறோம்.

தமிழ்நாட்டில் பாடக் காணொளிக்குப் பஞ்சமில்லை. 2018-19இல் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்கு வந்த புதிய பாடநூல்களிலிருந்தே க்யூ.ஆர். குறியீடு அச்சாகி வருகிறது. தீக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்து அந்தப் பாடத்துக்குரிய உள்ளடக்கத்தைத் திறக்கலாம். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2023இல் மணற்கேணி செயலி வந்தது. இவற்றின் பெரிய பலம், பாடநூலில் உள்ள அதே கலைச்சொற்கள் காணொளியிலும் வருவது. வீட்டில் தனியாக உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்கு இவை நல்ல துணை. வகுப்பறையில் நிலைமை வேறு. அங்கே ஏற்கெனவே ஓர் ஆசிரியர் நிற்கிறார். திரையில் இன்னோர் ஆசிரியர் விளக்கம் சொன்னால் பிள்ளைகள் யாரைக் கேட்பது? விளக்கப் பகுதியை விட்டுவிட்டு, சோதனையோ இயக்கமோ கண்ணுக்குத் தெரிகிற 20 முதல் 90 விநாடிகளை மட்டும் எடுத்துக்கொள்வதே வகுப்புக்கு ஏற்றது. நேரலையாக ஒளிபரப்பாகும் பாடத்தை நிறுத்த முடியாது. எனவே பதிவு செய்த வடிவம்தான் வேண்டும்.

இலங்கைத் தமிழ்க் காணொளிகளில் மிக நல்ல சோதனைப் பதிவுகள் இருக்கின்றன. ஆனால் ஓர் எச்சரிக்கை தேவை. அங்கே திணிவு என்பது நம் பாடநூலின் நிறை; அங்கே நிறை என்பது நம் எடை. முடுக்கம் அங்கே ஆர்முடுகல், தனிமம் அங்கே மூலகம், செல் அங்கே கலம். ஆர்முடுகலும் மூலகமும் புதிய சொற்கள் என்பதால் பிள்ளைகள் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். நிறை மட்டும் ஆபத்து. தெரிந்த சொல் போலவே ஒலித்து, கிலோகிராமில் இருக்க வேண்டியதை நியூட்டனில் எழுத வைத்துவிடும். அந்தப் பகுதியை ஒலியணைத்துக் காட்டி நாமே பேசிவிடுவது நல்லது.

எதற்குக் காணொளி, எதற்கு வேண்டாம்

கண்ணுக்குப் பிடிபடாத அளவு மெதுவாக நடப்பது, வேகமாக நடப்பது, சிறியது, தொலைவில் உள்ளது, பள்ளி ஆய்வகத்தில் செய்யக் கூடாதது: இந்த ஐந்துக்கும் காணொளி வேண்டும். விதை முளைப்பது, நீர்த்துளி உடைந்து சிதறுவது, செல் பிரிவது, நிலவில் பொருள் விழுவது, பொட்டாசியம் தண்ணீரில் தீப்பற்றுவது ஆகியவை இந்த வகை.

எலுமிச்சைச் சாற்றில் லிட்மஸ் தாள் நிறம் மாறுவதையும், காந்தம் குண்டூசியை இழுப்பதையும், தனி ஊசல் ஆடுவதையும் திரையில் காட்டுவது வீண். ஒரு நூலும் ஒரு நட்டும் இருந்தால் ஊசல் தயார். மாணவர் தன் கையால் நூலைச் சுருக்கி, அலைவு நேரம் குறைவதை எண்ணிப் பார்த்தால்தான் நூலின் நீளம் என்பது அவருக்கு ஒரு பொருளாகிறது. பொருள் கைக்கு எட்டும் இடத்தில் காணொளி ஓடினால் ஆய்வக அலமாரி பூட்டியே கிடக்கும். காணொளி வசதி வந்த பிறகு கண்ணாடிக் குடுவைகள் தூசு படிவதுதான் இந்த முறையின் மிகப் பெரிய பக்கவிளைவு. தலைமையாசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டையும் சேர்க்கிற வழியும் உண்டு. இரும்பு ஆணியைத் தாமிர சல்பேட் கரைசலில் போடும் சோதனையை வகுப்புத் தொடக்கத்தில் நேரில் தொடங்கி ஜன்னலோரம் வைத்துவிட வேண்டும். நடுவில் அதே சோதனையின் காலச்சுருக்கக் காணொளியை (நெடுநேரம் நடப்பதைச் சில விநாடியில் ஓட்டிக் காட்டும் டைம்லாப்ஸ்) காட்டலாம். மணி அடிக்கும் முன் சோதனைக் குழாயைத் தூக்கிப் பார்த்தால் ஆணியில் செம்பழுப்புப் படிவு தெரியும், கரைசலின் நீலம் வெளிறத் தொடங்கியிருக்கும். திரையில் 15 விநாடியில் பார்த்தது உண்மையில் அரை மணி நேரம் எடுக்கும் என்பது அப்போதுதான் உறைக்கும்.

முதலில் ஊகம், பிறகு படம்

ஹார்வர்டில் எரிக் மஸூரும் உடன் பணியாற்றியவர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று ஒவ்வோர் அறிவியல் ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டியது. வகுப்பில் செய்துகாட்டும் சோதனையைச் சும்மா பார்த்த மாணவர்கள், அதைப் பார்க்காத மாணவர்களைவிட அப்படியொன்றும் அதிகமாகப் புரிந்துகொள்ளவில்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே ஊகம் சொல்ல வைத்த மாணவர்களிடம்தான் முன்னேற்றம் தெரிந்தது. நேரில் செய்யும் சோதனைக்கே அப்படியென்றால் திரைக்குச் சொல்லவே வேண்டாம்.

சிட்னி பல்கலைக்கழகத்தில் டெரெக் முல்லர் 2008இல் முடித்த முனைவர் ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. மாணவர் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் தவறான கருத்தை முதலில் எடுத்துப் பேசிய காணொளிகள் அதிகக் கற்றலைத் தந்தன. நேரடியாகத் தெளிவாக விளக்கிய காணொளிகளை மாணவர்கள் எளிது, தெளிவு என்று பாராட்டினார்கள். தேர்வில் பெரிதாக முன்னேறவில்லை. ‘சார், நல்லாப் புரிஞ்சுது’ என்று வகுப்பே சொன்னாலும் அதை வைத்துக் காணொளியை மதிப்பிடக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

ஒரே ஒரு சோதனையை எடுத்து முறையை முழுமையாகச் சொல்கிறோம். தட்டில் 100 மி.லி. நிறமேற்றிய நீர், நடுவில் 4 செ.மீ. மெழுகுவர்த்தி, அதன் மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தல். சுடர் அணைகிறது, நீர் டம்ளருக்குள் ஏறுகிறது. இணையத்தில் இந்தச் சோதனைக்கு எண்ணற்ற காணொளிகள் உள்ளன; பெரும்பாலானவற்றில் வரும் விளக்கம், ஆக்சிஜன் எரிந்து தீர்ந்துவிட்டது, அந்த ஐந்தில் ஒரு பங்கு இடத்தை நீர் நிரப்பியது என்பது. விளக்கம் தவறு. காட்சி மட்டும் உண்மை. எனவே ஒலியணைத்துக் காட்ட இதைவிடப் பொருத்தமான காணொளி கிடையாது.

ஓட்டும் முன், நீர் எப்போது ஏறும் என்று கரும்பலகையில் கேள்வி எழுத வேண்டும். சுடர் எரியும்போது கொஞ்சம் கொஞ்சமாகவா, அணைந்த பிறகா, இரண்டிலுமா? ஒவ்வொருவரும் ரஃப் நோட்டில் ஒன்றைக் குறித்துப் பக்கத்தில் காரணம் ஒரு வரி எழுத வேண்டும். வாயால் சொல்ல விட்டால் முதல் பெஞ்ச் சொல்வதையே மற்றவர்களும் சொல்வார்கள்; எழுதினால்தான் அது அவரவர் ஊகம். இதற்கு மூன்று நிமிடம்.

பிறகு ஒலியில்லாமல் ஓட்டி மூன்று இடத்தில் நிறுத்த வேண்டும். முதலாவது, டம்ளர் தண்ணீரைத் தொடும் கணம்: விளிம்பில் குமிழிகள் வெளியேறுவது தெரியும். சூடான காற்று விரிந்து ஒரு பகுதி தப்பிப் போகிறது. இந்தக் குமிழிகள் ஒன்றிரண்டு விநாடிதான் இருக்கும். தொடர்ந்து ஓட்டினால் ஒருவர் கண்ணிலும் படாது. இரண்டாவது, சுடர் சுருங்கத் தொடங்கும் இடம்: நீர்மட்டத்தைக் குச்சியால் சுட்டிக் காட்டி, எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேட்க வேண்டும். ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. மூன்றாவது, சுடர் அணைந்து ஐந்து விநாடி கழித்து: நீர் விறுவிறுவென்று ஏறியிருக்கும். ஆக்சிஜன் குறைவதுதான் காரணம் என்றால் எரியும்போதே ஏறியிருக்க வேண்டும். அணைந்ததும் காற்று குளிர்கிறது, நீராவி சுருங்கித் துளியாகிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று நீரை உள்ளே தள்ளுகிறது. இந்தப் பதிலைப் பெரும்பாலும் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆசிரியர் அவசரப்பட்டு முந்திக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

அதன் பிறகு ஒலியோடு ஓட்டி, காணொளியில் பேசுபவர் சொல்வதில் எது சரியில்லை என்று கேட்கலாம். ஆக்சிஜன் முழுவதும் தீர்வதில்லை என்பதையும் சேர்க்க வேண்டும். காற்றில் 21 சதவீதமாக இருக்கும் ஆக்சிஜன் 16 சதவீதம் அளவுக்கு இறங்கும்போதே மெழுகுச் சுடர் அணைந்துவிடுகிறது. கடைசியாக ஒரே டம்ளருக்குள் இரண்டு, மூன்று மெழுகுவர்த்தி வைத்து நேரில் செய்து பார்க்கலாம். டம்ளருக்குள் இருக்கும் ஆக்சிஜன் அதே அளவுதான். நீர் மட்டும் முன்னைவிட உயரமாக ஏறும். அங்கே சந்தேகம் தீர்ந்துவிடும்.

வி.எல்.சி. பிளேயரில் ஸ்பேஸ் விசை நிறுத்தும். ஆங்கில ‘ஈ’ விசை ஒவ்வொரு சட்டகமாக, அதாவது காணொளியின் ஒவ்வொரு தனிப் படமாக நகர்த்தும். சதுர அடைப்புக்குறி விசைகள் வேகத்தைக் குறைக்கும், கூட்டும். ஷிஃப்ட்டுடன் இடது அம்பு மூன்று விநாடி பின்னே போகும். யூடியூபில் நிறுத்திவைத்து, காற்புள்ளி விசையை அழுத்தினால் ஒரு சட்டகம் பின்னே, முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் ஒரு சட்டகம் முன்னே. இந்த ஐந்தாறு விசைகள் விரலுக்குப் பழகிவிட்டால் மௌஸைத் தேடிக்கொண்டு வகுப்புக்கு முதுகைக் காட்ட வேண்டியதில்லை.

திரையில் எழுத்தும் அதையே வாசிக்கும் குரலும் சேர்ந்து வந்தால் கற்றல் குறைகிறது என்பது ரிச்சர்ட் மேயரின் பல்லூடக ஆய்வுகளில் வந்த முடிவு. பின்னணி இசையும் அலங்காரப் படங்களும் அப்படியே. நடைமுறையில் இது நூற்றுக்கு நூறு சரி. இசை அதிரும் காணொளிகளை எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒலியணைத்தே காட்டுகிறோம். செவித்திறன் குறைந்த மாணவர் இருந்தால் மட்டும் இந்த விதி மாறும். அவருக்கு வசன வரிகள் கட்டாயம் தேவை.

அசைபடங்கள் விதைக்கும் பிழைகள்

அசைபடத்தில் வரைபவர் வசதிக்காகச் செய்யும் மாற்றங்கள் பிள்ளைகள் மனத்தில் உண்மையாகவே பதிந்துவிடும். அடிக்கடி பார்ப்பவை சில.

மின்சாரப் பாடத்தில் எலக்ட்ரான்கள் கம்பிக்குள் பாய்ந்தோடும். 1 சதுர மி.மீ. குறுக்குப் பரப்புள்ள தாமிரக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடினால் எலக்ட்ரானின் நகர்வு வேகம் விநாடிக்கு சுமார் 0.07 மி.மீ. ஒரு மீட்டரைக் கடக்க மூன்றே முக்கால் மணி நேரம் ஆகும். அப்படியானால் சுவிட்ச் போட்டதும் விளக்கு எப்படி எரிகிறது என்ற கேள்வி தானாக வரும், வர வேண்டும்.

பருவங்களைக் காட்டும் படங்களில் பூமியின் பாதை முட்டை போல நீண்டிருக்கும். சாய்வாகப் பார்ப்பது போல வரைவதால் வரும் தோற்றம் அது. சூரியனுக்கு மிக அருகில் பூமி வருவது ஜனவரியில், 14.7 கோடி கி.மீ.; மிகத் தொலைவில் இருப்பது ஜூலையில், 15.2 கோடி கி.மீ. வித்தியாசம் மூன்று சதவீதம் சொச்சம். ‘ஜனவரியில் பக்கத்தில் இருந்தும் மார்கழி, தை ஏன் குளிர்கிறது?’ என்று கேட்டால் அச்சின் சாய்வைப் பற்றிப் பேசும் இடம் திறந்துவிடும்.

திண்மம், திரவம், வாயு மூன்றையும் காட்டும் படத்தில் திரவத்தின் துகள்கள் இடைவெளி விட்டு மிதக்கும். உண்மையில் பெரும்பாலான பொருட்கள் உருகும்போது பருமன் பத்து சதவீத அளவில்தான் கூடுகிறது. துகள்கள் ஒன்றையொன்று தொட்டபடியேதான் நகர்கின்றன. இரத்த ஓட்டப் படத்தில் சிரை நீலம்; ஆக்சிஜன் குறைந்த இரத்தம் கருஞ்சிவப்பு, நீலம் கிடையாது. சூரியக் குடும்பப் படத்தில் கோள்கள் வரிசையாக நெருங்கி நிற்கும். இதைத் திருத்த ஒரே வழி மைதானம். சூரியனை 1.4 மீட்டர் வட்டமாகச் சுண்ணாம்பில் வரைந்தால் பூமி ஒரு சுண்டைக்காய். அதை 150 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும்.

இந்தப் பிழைகளுக்காகக் காணொளியை ஒதுக்க வேண்டாம். ‘இந்தப் படத்தில் வரைந்தவர் எதை மாற்றியிருக்கிறார்?’ என்ற கேள்வியை எல்லா அசைபடத்துக்கும் வழக்கமாக்கிவிட்டால், சில மாதங்களில் பிள்ளைகளே பிழையைப் பிடித்துக் கொடுப்பார்கள்.

சட்டகம் எண்ணி அளவெடுத்தல்

காணொளியில் எங்களுக்கு மிகவும் பிடித்த பயன்பாடு இது. திரையை அளவுகோலாக்கிவிடுகிறது.

1971 ஆகஸ்ட் 2 அன்று அப்பல்லோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் நிலவில் நின்று 1.32 கி.கி. சுத்தியலையும் 30 கிராம் வல்லூறு இறகையும் சுமார் 1.6 மீட்டர் உயரத்திலிருந்து ஒன்றாகக் கைவிட்டார். இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன. இதை வியந்து பார்த்துவிட்டு விட்டுவிடுவது பெரிய இழப்பு. கை விட்ட சட்டகத்திலிருந்து தரை தொட்ட சட்டகம் வரை மாணவர்களை எண்ணச் சொல்ல வேண்டும். விநாடிக்கு 30 சட்டகம் உள்ள பதிவில் 40 அல்லது 42 வரும். அதாவது சுமார் 1.4 விநாடி. உயரத்தின் இருமடங்கை நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 1.6க்குப் பக்கத்தில் ஈர்ப்பு முடுக்கம் கிடைக்கும். பூமியில் அதே உயரத்திலிருந்து விழ 0.57 விநாடிதான். கைவிட்ட கணம் எந்தச் சட்டகம் என்பதில் வகுப்பே இரண்டாகப் பிரியும். ஒரு சட்டகம் மாறினால் விடை ஐந்து சதவீதம் மாறுகிறது என்று கணக்கிட வைத்தால் அளவீட்டுப் பிழை என்ற பாடமும் அங்கேயே முடிந்துவிடும்.

கைபேசியில் நாமே எடுத்தும் செய்யலாம். கைபேசியைச் சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி, விழும் பாதையின் நடு உயரத்தில் ஸ்டாண்டில் வைக்க வேண்டும். மீட்டர் அளவுகோல் பந்து விழும் அதே தளத்தில் இருக்க வேண்டும். பின்னால் சுவரில் ஒட்டிவைத்தால் அளவுகோல் சிறிதாகத் தெரிந்து, விழுந்த தூரத்தைக் கூட்டிக் காட்டும். 1.2 மீட்டர் உயரத்திலிருந்து பந்து விழ 0.49 விநாடி. சாதாரணப் பதிவில் அது 15 சட்டகம்தான். ஒரு சட்டகப் பிழை விடையை 13 சதவீதம் மாற்றும். விநாடிக்கு 240 சட்டக மெதுவியக்கத்தில் எடுத்தால் சுமார் 119 சட்டகம். பிழை இரண்டு சதவீதத்துக்குள் அடங்கும். மெதுவியக்கக் கோப்பு 30 வேகத்தில் ஓடும்படி சேமிக்கப்பட்டிருந்தாலும் நேரத்தைக் கணக்கிட 240ஆல்தான் வகுக்க வேண்டும். 30ஆல் வகுத்து, ஈர்ப்பு முடுக்கம் 0.15 என்று எழுதிக்கொண்டு வருவார்கள்.

இன்னொரு சிக்கல்: வெளிச்சம் குறைந்தால் பல கைபேசிகள் தாமாகவே சட்டக வேகத்தைக் குறைத்துவிடும். ஒரே கோப்பில் வேகம் ஏறி இறங்கும். அப்படிப்பட்ட பதிவில் சட்டக எண்ணிக்கை நம்பத்தக்கதல்ல. வெயிலில் எடுப்பதே தீர்வு. டிராக்கர் என்ற இலவச மென்பொருளில் இடம், நேரம் வரைபடமாகவே வரும். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் அது நன்றாகப் பயன்படும்.

பழைய படச்சுருள்களை அளவெடுக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். 1940 நவம்பர் 7 அன்று அமெரிக்காவில் டகோமா நேரோஸ் பாலம் காற்றில் முறுக்கி ஆடி அறுந்து விழுந்த காட்சி ஒத்ததிர்வுப் பாடத்தில் எங்கும் காட்டப்படுகிறது. நேரில் பார்த்தவர்கள் குறித்தது நிமிடத்துக்கு 12 அலைவு. பரவலாகக் கிடைக்கும் காணொளியில் எண்ணினால் 18 வரும். விநாடிக்கு 16 சட்டகமாக எடுத்ததை 24 ஆக ஓட்டியதன் விளைவு. அந்தப் பாலம் விழுந்ததற்கு எளிய ஒத்ததிர்வு முழுக் காரணமல்ல. பாலத்தின் முறுக்கமும் காற்றோட்டமும் ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டே போன நிகழ்வு அது. பத்தாம் வகுப்புக்கு இந்த அளவு சொன்னால் போதும்.

நாமே எடுக்கும் காணொளி

விலைகொடுத்து வாங்கும் எந்தத் தொகுப்பையும்விட, தன் பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் எடுத்த 60 விநாடிப் பதிவு அதிகம் வேலை செய்கிறது. பிள்ளைகளுக்குத் தெரிந்த மேசை, தெரிந்த குடுவை, நமது பேச்சு. தரம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. சில விதிகளை மட்டும் மீறக் கூடாது.

கைபேசியைப் படுக்கைவாட்டில் வைக்க வேண்டும். திரையில் அழுத்திப் பிடித்துக் குவியத்தையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட வேண்டும். இல்லையென்றால் கை உள்ளே வரும்போதெல்லாம் படம் மங்கித் தெளியும். நிறம் மாறும் சோதனைகளில் வெண்சமநிலையையும் (ஒயிட் பேலன்ஸ்) பூட்டாவிட்டால் ஃபீனால்ஃப்தலீனின் இளஞ்சிவப்பைக் கேமரா தானாகவே ‘சரிசெய்து’ வெளுத்துவிடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல குழல்விளக்கும் எல்.இ.டி.யும் விநாடிக்கு 100 முறை மினுக்கும். படத்தில் பட்டை பட்டையாக ஓடினால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடி என்று மாற்ற வேண்டும். மெதுவியக்கத்தை விளக்கடியில் எடுக்கவே வேண்டாம்.

காலச்சுருக்கத்துக்குக் கணக்கு முன்பே போட வேண்டும். பச்சைப்பயறு முளைத்து இலை விரிய நான்கு நாள் வைத்துக்கொண்டால், பத்து நிமிடத்துக்கு ஒரு படம் வீதம் 576 படங்கள். விநாடிக்கு 24 வீதம் ஓட்டினால் 24 விநாடி. ஆணியும் தாமிர சல்பேட்டும் என்றால் ஐந்து விநாடிக்கு ஒரு படம், அரை மணிக்கு 360 படம், 15 விநாடி. கைபேசி முழு நேரமும் சார்ஜரில் இருக்க வேண்டும், அழைப்பு வராதபடி விமானப் பயன்முறையில் இருக்க வேண்டும், விளக்கு இரவு பகல் எரிய வேண்டும். பகல் வெளிச்சத்தை நம்பினால் படம் மினுக்கி மினுக்கி வரும். சட்டகத்துக்குள் ஒரு கடிகாரமும் ஓர் அளவுகோலும் தெரிய வேண்டும். கடிகாரம் இல்லாத காலச்சுருக்கப் படம் வேதிவினை வேகத்தைப் பற்றித் தவறாகவே கற்பிக்கும்.

நுண்ணோக்கிக் காட்சிக்குக் கைபேசிக் கேமராவைக் கண்ணருகு வில்லைக்கு ஒன்றிரண்டு செ.மீ. மேலே பிடித்து, வெளிச்ச வட்டம் முழுதாகத் தெரியும் வரை மெல்ல மேலும் கீழும் நகர்த்த வேண்டும். கை நடுங்கும், அட்டைக் குழாய் ஒன்றைச் செருகி நிறுத்தினால் நிற்கும். வெங்காயத் தோலுக்கு ஒரு சொட்டு சஃப்ரனின் போட்டு ஒரு நிமிடம் விட்டுக் கழுவினால் உட்கரு தெளிவாக வரும். ஒரு சொட்டுப் பாலைப் பல மடங்கு நீரில் கலந்து 400 மடங்கில் பார்த்தால் கொழுப்புத் துளிகள் ஓயாமல் நடுங்கும். 1827இல் ராபர்ட் பிரவுன் மகரந்தத் தூள் கலந்த நீரில் கவனித்த இயக்கம் இது. நாற்பது பேர் வரிசையில் நின்று ஒரு நுண்ணோக்கியில் எட்டிப் பார்க்கும்போது பாதிப் பேர் தங்கள் இமை மயிரைத்தான் பார்த்துவிட்டுப் போவார்கள். முதலில் எல்லோருக்கும் திரையில் காட்டி, எதைத் தேட வேண்டும் என்று சொல்லிவிட்டு, பிறகு நுண்ணோக்கிக்கு அனுப்பினால் அந்த வரிசை பயனுள்ளதாகிறது.

கருவி, மின்சாரம், சுண்ணாம்புத் தூள்

43 அங்குலத் தொலைக்காட்சியின் உயரம் 53 செ.மீ. திரை உயரத்தின் ஆறு மடங்குத் தூரம் வரைதான் சிறு எழுத்தும் நுண்விவரமும் தெரியும். அதாவது சுமார் 3 மீட்டர். நாற்பது பேர் வகுப்பில் அதற்குப் பின்னால் இருப்பவர்கள் குரலைத்தான் கேட்கிறார்கள். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து, படத்தில் உள்ள மிகச் சிறிய பெயர்க்குறியைப் படித்துப் பார்ப்பதே சோதனை. படிக்க முடியவில்லையென்றால் அந்தக் காணொளி அந்த வகுப்புக்கு ஆகாது.

சாதாரண புரொஜெக்டருக்கு 2 மீட்டர் அகலப் படம் வர 3 மீட்டர் தூரம் தேவைப்படும். பளபளக்கும் வெள்ளைப் பலகையில் நடுவில் ஒளிப்புள்ளி கண்ணைக் கூசும். பளபளப்பில்லாத வெள்ளைச் சுவர் மேல். முழு அறையையும் இருட்டாக்கக் கூடாது. முன்விளக்கை மட்டும் அணைத்து, திரைக்குப் பக்கத்து ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி போட்டால் போதும். பிள்ளைகள் எழுத வெளிச்சம் வேண்டும். ஊகம் எழுதவே முடியாத இருட்டில் மேலே சொன்ன முறை எதுவும் நடக்காது.

புரொஜெக்டரை அதிகம் கொல்வது சாக்பீஸ் தூள். காற்று வடிகட்டியில் படிந்து சூடேறி நடுவகுப்பில் தானாக அணைந்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வடிகட்டியைக் கழற்றி மென்தூரிகையால் தட்ட வேண்டும். மின்வெட்டு வந்தால் விளக்கு சூடாக இருக்கும்போதே விசிறி நின்றுவிடும். பல்பின் ஆயுள் அங்கேதான் குறைகிறது. சிறிய யு.பி.எஸ். ஒன்று இருந்தால் முறையாக அணைக்க அவகாசம் கிடைக்கும்.

ஒலிக்கு மடிக்கணினி ஸ்பீக்கர் போதாது; மின்விசிறிச் சத்தத்தில் அமுங்கிவிடும். கம்பி வழி ஸ்பீக்கர்தான் வேண்டும். புளூடூத் ஸ்பீக்கரில் ஒலி தாமதமாக வரும், சிலவற்றில் 0.2 விநாடி வரை. நூறு மீட்டர் தள்ளி வெடிக்கும் பட்டாசின் ஒளிக்கும் ஒலிக்கும் உள்ள இடைவெளியே 0.3 விநாடிதான். ஒலியின் வேகத்தைக் காணொளியிலிருந்து கணக்கிடும் வகுப்பில் அந்த ஸ்பீக்கர் விடையைக் கெடுத்துவிடும்.

இணையத்தை நம்பி வகுப்புக்குள் போகக் கூடாது. விளம்பரம், முடிவில் குதிக்கும் பரிந்துரைகள், சுழலும் வட்டம் மூன்றும் கவனத்தைத் தின்னும். அனுமதியுள்ள காணொளியை முன்பே தரவிறக்கி, ஹெச்.264 வடிவ எம்.பி.4 கோப்பாக, 720 தரத்தில் வைத்துக்கொள்ளலாம்; ஐந்து நிமிடக் கோப்பு 50, 60 எம்.பி. அளவில் அடங்கும். ஹெச்.265 கோப்புகள் பழைய கணினியிலும் தொலைக்காட்சியிலும் குரல் மட்டும் வந்து படம் கறுப்பாக நிற்கும். பென்டிரைவை எஃப்.ஏ.டி.32 முறையில் அமைத்தால் பெரும்பாலான தொலைக்காட்சிகள் படிக்கும், 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு மட்டும் ஏறாது.

பிள்ளைகள் கொண்டுவரும் காணொளிகள்

‘காந்தத்தால் ஓயாமல் சுற்றும் மோட்டார்’, ‘உப்பு நீரில் எரியும் விளக்கு’ என்று கைபேசியில் பார்த்ததைப் பிள்ளைகள் கேட்பார்கள். தட்டிக்கழிக்கக் கூடாது, அந்த நாள் பாடமே அதுதான். எங்கே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள், மின்கலம் எங்கே ஒளிந்திருக்கலாம், கேமரா ஏன் மேசைக்கு அடியில் போகவே இல்லை என்று சட்டகமாக நிறுத்தித் தேடலாம். சீசியம் ஒரு குளியல் தொட்டியையே தகர்ப்பதாகக் காட்டிய பிரபலமான வெளிநாட்டுத் தொலைக்காட்சிக் காட்சியே வெடிபொருள் வைத்து எடுக்கப்பட்டதுதான். உப்பு நீர் விளக்கு விஷயத்தில் உண்மையும் பொய்யும் கலந்திருக்கும்: துத்தநாகத் தகடும் தாமிரத் தகடும் உப்பு நீரில் ஒரு வோல்ட்டுக்குக் குறைவாகத் தரும், நான்கைத் தொடராக இணைத்தால் சிவப்பு எல்.இ.டி. மங்கலாக எரியும், வீட்டு பல்பு எரியாது. நேரில் செய்து அளந்து காட்டினால் அடுத்த முறை அவர்களே கேள்வியோடு வருவார்கள்.

எல்லாவற்றையும் விடப் பயனுள்ள கருவி ஒரு நோட்டு. வகுப்பு, பாடம், கோப்பின் பெயர், எந்த நிமிடம் எந்த விநாடியில் நிறுத்த வேண்டும், அங்கே என்ன கேட்க வேண்டும், பிள்ளைகள் எழுதிய தவறான ஊகங்களில் முக்கியமானவை, இத்தனையும் ஒரு வரிசையில். காணொளி அடுத்த ஆண்டு வேறொன்று கிடைக்கும். இந்தக் குறிப்பு கிடைக்காது. ஆறு வாரம் கழித்து முன்னறிவிப்பின்றி ஒரே ஒரு ‘ஏன்’ கேள்வி கேட்டு, எத்தனை பேர் காட்சியை மட்டும் வர்ணித்தார்கள், எத்தனை பேர் காரணம் எழுதினார்கள் என்று அதே வரிசையில் குறித்தால், எந்தக் காணொளியைத் தூக்கி எறிய வேண்டும் என்பது நோட்டிலேயே தெரிந்துவிடும். வாரத்துக்கு இரண்டுக்கு மேல் காணொளி தேவைப்பட்டதாக எங்கள் நோட்டில் எந்தப் பாடமும் இல்லை.

கையில் குறைந்த பணமே இருக்கிறது என்றால் வாங்கும் வரிசை: கைபேசி ஸ்டாண்ட், கம்பி ஸ்பீக்கர், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, யு.பி.எஸ்., அதன் பிறகு புரொஜெக்டர். ஸ்மார்ட் போர்டு கடைசி.